பனி கொட்டிய மறுநாள் ஸ்காபுறோவில் யாருக்கு முதலில் வழி திறக்கிறது?

1999 ஜனவரியில், ஸ்காபுறோவைத் தன் கிழக்குப் பகுதியாகக் கொண்ட ரொறன்ரோ நகரில் ஏறத்தாழ 118 சென்ரிமீற்றர் பனி கொட்டியது. அப்போதைய நகர முதல்வர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தை உதவிக்கு அழைத்தார். அதைச் சொல்லிக் கனடாவின் ஏனைய ஊர்க்காரர் இன்றுவரை எங்களைக் கேலி செய்கிறார்கள். பெரும்பனி விழும் ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய பகிடி முகநூலில் மீண்டும் உலாவரும். எனக்கு அந்தப் பகிடியில் கோபமில்லை. ஆனால், பனியை எத்தனை பேர் சேர்ந்து அள்ளினார்கள் என்பதைவிட, அள்ளும்போது யாருடைய வழியை முதலில் திறக்கிறார்கள், யாருடையதைக் கடைசிக்கு விடுகிறார்கள் என்பதுதான் பேசப்பட வேண்டிய விடயம் என்று நினைக்கிறேன்.

வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலில் அதிவேக நெடுஞ்சாலைகள், அடுத்து மார்க்கம் வீதி, பிஞ்ச், லோறன்ஸ் போன்ற பெருவீதிகள். குடியிருப்புத் தெருக்களுக்குள் பனி வழிக்கும் வண்டி வருவதற்கு 8 சென்ரிமீற்றராவது விழுந்திருக்க வேண்டும். அம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் ஓட வேண்டுமென்றால் பெருவீதி முதலில் திறக்கப்படத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. சிக்கல் என்னவென்றால், வீதியிலிருந்து வழிக்கப்படும் பனி மறைந்துபோவதில்லை, வீதியின் ஓரத்துக்குத்தான் போகிறது. அந்த ஓரத்தில்தான் பேருந்துத் தரிப்பிடம் இருக்கிறது.

அந்தத் தரிப்பிடத்தைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வண்டி இரண்டு மூன்று முறை கடந்துபோன பின்னர், வீதிக்கும் நடைபாதைக்கும் நடுவே இடுப்பளவுக்கு ஒரு மேடு எழுந்துவிடுகிறது. அது விழுந்தபோது இருந்த பஞ்சுப் பனி அல்ல. உப்பும் மண்ணும் கலந்து நசுங்கி, இரவில் உறைந்து, சாம்பல் நிறத்தில் கல்லாகிப்போன பனி. முதலில் ஏறிக் கடந்தவர்களின் சப்பாத்துத் தடங்கள் அதில் படிபோல உறைந்திருக்கும். பின்னால் வருபவர்கள் அந்தத் தடத்திலேயே கால் வைத்து ஏற வேண்டும். பேருந்து மேட்டுக்கு அப்பால் நடுவீதியில் நிற்கும். ஊன்றுகோல் பிடித்தவரும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்திருப்பவரும் அதை எப்படிக் கடப்பது? தள்ளுவண்டியின் முன்பக்கத்தை முன்பின் தெரியாத ஒருவர் தூக்க, பின்பக்கத்தைத் தாய் பிடிக்க, சாரதி பொறுமையாகக் காத்திருக்கும் காட்சியை ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கிறோம். மனிதர்களின் நல்ல குணத்துக்கு அது சான்றுதான். ஆனாலும் ஒரு பெருநகரத்தின் போக்குவரத்து அந்த நல்ல குணத்தை நம்பியே ஓடுவது சரியென்று எனக்குப் படவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த மேட்டில் ஏறுபவர்கள் யாரென்றும் பார்க்க வேண்டும். முதியோர் இல்லத்தில் காலை வேலைக்குப் போகும் பராமரிப்புப் பணியாளர்கள், தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துத் திரும்புபவர்கள், கட்டடங்களைத் துப்புரவு செய்பவர்கள். எங்கள் சனத்தில் எத்தனை அக்காமார் இந்த வேலைகளில் இருக்கிறார்கள் என்று ஸ்காபுறோவில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அலுவலகக்காரர் மடிக்கணினியைத் திறந்து வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். படுக்கையில் கிடக்கும் முதியவரை வீட்டிலிருந்தபடி குளிப்பாட்ட முடியாது. சென்ற குளிர்காலத்தில் தரிப்பிடத்தில் என் அருகில் நின்ற அம்மா ஒருவர், "தம்பி, பஸ் வருமோ? ஒரு மணித்தியாலம் பிந்தினாலும் ஒரு மணித்தியாலக் காசு போயிடும்" என்றார். தன் வேலையிடம் எதுவென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பேருந்து வராமல் போவதற்கும் காரணங்கள் உண்டு. நடுவில் மடிந்து திரும்பும் நீளமான பேருந்துகள் வழுக்கலில் எளிதில் சிக்கிக்கொள்வதால், பெரும்பனி எதிர்பார்க்கப்படும்போது நகரின் பொதுப் போக்குவரத்து நிறுவனமான ரிரிசி அவற்றை நிறுத்திச் சிறிய பேருந்துகளை விடுகிறது. அவற்றில் ஏறக்கூடியவர்களின் தொகை குறைவு. ஏற்றமான இடங்களிலுள்ள சில தரிப்பிடங்களில் பேருந்து நிற்காது. 2022 ஜனவரி 17 அன்று கார்டினர் நெடுஞ்சாலையும் டொன் வலி நெடுஞ்சாலையும் மூடப்பட்டன, நூற்றுக்கணக்கான பேருந்துகள் பனியில் புதைந்து நின்றன. கொரோனாவால் மூடியிருந்த பாடசாலைகள் மீண்டும் திறக்கவிருந்த நாளும் அதுவே. ரொறன்ரோவில் பிள்ளைகள் அன்றும் வீட்டிலேயே இருந்தார்கள். சுரங்க ரயில் பக்கத்தில் இருப்பவர்கள் அப்படியான நாளிலும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுவார்கள். ஸ்காபுறோவுக்கு 1985 முதல் ஓடிய சிறு ரயிலோ, மின்சாரத் தண்டவாளத்தில் ஐஸ் பிடித்தால் அடிக்கடி நிறுத்தப்படும். 2023 ஜூலையில் பெட்டியொன்று தடம்புரண்டதோடு அதன் கதை முடிந்தது. அது ஓடிய வழிக்கும் இப்போது பேருந்துதான். ஆகவே தரிப்பிடத்து மேடு நகரின் மற்றப் பகுதிகளைவிட எங்களையே அதிகம் வாட்டுகிறது.

கார் வைத்திருப்பவர்களுக்கும் தொல்லை இல்லாமலில்லை. டிரைவ்வேயை ஒருவழியாக வழித்து முடித்து நிமிரும்போது, தெருவால் வரும் வண்டி வாசலை மறித்து ஒரு வரம்பு போட்டுவிட்டுப் போகும். ஸ்காபுறோவில் அந்த வரம்பை அகற்ற மாநகர சபையின் இயந்திரம் பிறகு வரும் என்பது உண்மை. விடியுமுன் வேலைக்குப் போகவேண்டியவர் அதுவரை காத்திருக்க முடியாது. பனி அள்ளும் சவலை எடுத்துத் தானே இறங்குவார். இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கியூபெக்கில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, கடும் பனி விழுந்த மறுநாளில் ஆண்களிடையே மாரடைப்பும் அதனாலான இறப்பும் கூடுவதைக் காட்டியது. குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்கும் நேரத்தில் உடம்பைத் திடீரென்று வருத்துவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஐம்பது கடந்த, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள எங்கள் அண்ணாமார், "இது என்ன பெரிய வேலை" என்று வெறும் வயிற்றில் இறங்கி நிற்பதைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு இருபது டொலர் கொடுப்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

2025 பெப்ரவரியில் ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் 50 சென்ரிமீற்றருக்கு மேல் விழுந்தபோது, வழித்துக் குவித்த பனியை ஏற்றி அகற்றுவதற்கு வாரக்கணக்கில் எடுத்தது. அத்தனை நாளும் தரிப்பிடத்து மேடுகளும் அப்படியே இருந்தன. மொன்றியலில் ஒரு குளிர்காலத்தில் சராசரியாக 2 மீற்றர் அளவுக்குப் பனி விழுகிறது. அங்கே வழிப்பதோடு வேலை முடிவதில்லை. ஓரத்தில் நிறுத்திய கார்களை எடுக்கச் சொல்லிச் சைரன் ஒலிக்கும், எடுக்காதவற்றை இழுத்துப் போவார்கள், பிறகு பனியைப் பாரவண்டிகளில் அள்ளி, பழைய பிராங்கோன் கற்குழி போன்ற இடங்களில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். செலவு அதிகந்தான். எங்களுக்கு அவ்வளவு பனி விழுவதில்லை என்பதால் ஒவ்வொரு முறையும் முழு நகரத்திலிருந்தும் அள்ள வேண்டுமென்று நான் கேட்கவில்லை. தரிப்பிடங்களையும் வீதியைக் கடக்கும் மூலைகளையும் மட்டுமாவது முதலில் அள்ளலாமே என்கிறேன்.

இது என்னுடைய புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. சுவீடனில் கால்ஸ்கூகா என்ற சிறு நகரம் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே வரிசையை மாற்றிப் பார்த்தது. பெண்கள் அதிகம் நடந்தும் பேருந்திலும் போகிறார்கள், ஆண்கள் அதிகம் காரில் போகிறார்கள் என்பதைக் கவனித்து, நடைபாதைகளுக்கும் சிறுவர் பராமரிப்பு நிலையங்களுக்குப் போகும் வழிகளுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். சில சென்ரிமீற்றர் பனியில் கார் ஓடிவிடும், தள்ளுவண்டி ஓடாது என்பதுதான் அதன் கணக்கு. பின்னர் ஸ்ரொக்ஹோமும் அதைப் பின்பற்றியது. 2016 நவம்பரில் அங்கே எதிர்பாராத பெரும்பனி விழுந்து நகரமே முடங்கியபோது, பலரும் அந்தக் கொள்கையைக் கிண்டலடித்தார்கள். என் பார்வையில் அந்தக் கிண்டல் நியாயமற்றது. அந்த அளவு பனியில் எந்த வரிசையும் தடுமாறியிருக்கும்.

ஒழுங்கு விதிகளிலும் ஒன்றைத் திருத்தலாம். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் அது கட்டாயமில்லை; பூட்டினால் காப்புறுதிக் கட்டணத்தில் சிறு கழிவு தரவேண்டும் என்பது மட்டும் 2016 முதல் விதியாக இருக்கிறது. கோடைகால ரயரோடு ஏற்றத்தில் வழுக்கிக் குறுக்கே நிற்கும் ஒரு கார், அதன் பின்னால் வரும் பேருந்தையும் அதிலுள்ள ஐம்பது பேரையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது.

2026 ஒக்ரோபரில் மாநகரத் தேர்தல் வருகிறது. வேட்பாளர்கள் கதவைத் தட்டும் பருவத்தில் வெளியே மேப்பிள் இலைதான் விழும், பனி யாருடைய நினைவிலும் இராது. வருபவர்களிடம் நான் கேட்கப்போவது, பனி நின்று எத்தனை மணித்தியாலத்துக்குள் எங்கள் தெருமுனைத் தரிப்பிடம் வழிக்கப்படும், வழிக்கப்படாவிட்டால் ஒப்பந்தக்காரருக்கு எவ்வளவு தண்டம் என்பதைத்தான். நீங்களும் கேளுங்கள்; அவர்கள் சொல்லும் பதிலை வந்து இங்கே எழுதுங்கள்.