வீட்டில்தான் ஒரு கிரைண்டர் இருக்கிறதே

"கிரைண்டர் வாங்கியிருக்கிறேன்" என்று போனில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை லிட்டர் கண்ணு?" வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கும் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு வேறெப்படிக் கேட்பார்? இது மாவாட்ட இல்லை, காப்பிக்கொட்டை அரைக்க, கையால் சுற்றுவது, ஆறாயிரம் ரூபாய் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மிக்சிக்கு என்னாச்சு?" என்றார்.

எட்டு மாதம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் குழாய் மாதிரி இருக்கும் அந்தக் கிரைண்டரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு "வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஒரே பதிலாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் மிக்சி. இதற்கு நான் புதிதாக ஒன்றும் விளக்க வேண்டாம். இட்லிக்கு உளுந்தை மிக்சியில் போட்டால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். காப்பிக்கொட்டைக்கும் ஏறக்குறைய அதே வழக்குதான். பிளேடு கையில் சிக்கியதை வெட்டுகிறது. ஒரு கொட்டை பத்து வெட்டு வாங்கி மாவாகிறது, இன்னொன்று ஓரமாக ஒதுங்கிக் குருணையாக நிற்கிறது. தண்ணீர் ஊற்றினால் மாவு தன் கசப்பையெல்லாம் கொடுத்துவிடுகிறது. குருணை பாதிச் சத்தை உள்ளேயே வைத்துக்கொள்கிறது. ஒரே டம்ளரில் கசப்பும் நீர்ப்பும் சேர்ந்து வருவது அதனால்தான். நான் வாங்கியது பர் கிரைண்டர், அதாவது நம்முடைய திருகைக்கல் மாதிரி. பல் வெட்டிய இரண்டு இரும்பு, நடுவில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் அடங்கும் அளவுக்குச் சிறிதானால் கீழே விழும், இல்லையென்றால் இன்னும் அரைபடும். எந்த மிஷினிலும் முழுக்க ஒரே அளவாக வந்துவிடாது. ஆனால் மாவு தனி, குருணை தனி என்று பிரிந்து நிற்காது.

விற்கிறவர்கள் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. காப்பித்தூள் கடையில் கடகடவென்று ஓடுகிறதே பெரிய மிஷின், அதற்குள் இருப்பதும் பர்தான். தட்டையான இரண்டு தட்டு. ஆகவே கடையில் அரைத்து வாங்கிக் குடித்தவர்கள் இத்தனை நாளும் எதையோ இழந்துவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை. "வீட்டிலேயே ஃபிரெஷ்ஷாக அரைக்கிறேன்" என்று கொட்டையை வாங்கிவந்து மிக்சியில் போடுகிறவர்கள்தான் ஒரு படி கீழே இறங்குகிறார்கள். நான் அப்படி இரண்டு மாதம் இறங்கியிருந்தேன்.

வாசனை? அரைத்த தூள் சீக்கிரம் வாசனையை விடும், அது உண்மை. பாலில்லாமல், சர்க்கரையில்லாமல் குடிக்கிறவர்களுக்கு வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். ஆனால் நாம் குடிப்பது நன்றாக வறுத்த கொட்டை, அதோடு சிக்கரி, மேலே பால், அதற்கு மேல் சர்க்கரை. இத்தனையையும் தாண்டி எவ்வளவு தெரியும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தோம். அன்று காலை அரைத்த தூள் ஒரு ஃபில்டரில், கடையில் அரைத்து நான்கு நாள் டப்பாவில் இருந்த தூள் இன்னொன்றில். கண்ணை மூடிக்கொண்டு மூன்று சுற்று. மனைவி இரண்டு முறை சரியாகச் சொன்னார். ஆறாயிரம் செலவழித்த நான் ஒரு முறை.

அப்படியானால் எதற்கு வாங்கினேன் என்றால், பதத்துக்கு.

எங்கள் வீட்டில் இரண்டு ஃபில்டர். ஒன்று கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர், இன்னொன்று பாட்டி வீட்டிலிருந்து வந்த பித்தளை. எவர்சில்வரின் ஓட்டைகள் ஊசி முனை அளவு. பித்தளையில் தேய்ந்து தேய்ந்து கொஞ்சம் அகண்டுவிட்டன. ஒரே கடைத்தூளைப் போட்டால் முதலாவதில் டிகாஷன் இறங்க முக்கால் மணி நேரம், இரண்டாவதில் பத்தே நிமிடம். கடைக்காரரிடம் கேட்டால் "ஃபில்டர் பதம்தான் சார், எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்பார். அவர்மேல் தப்பில்லை. அவரிடம் ஒரு பதம்தான் இருக்கிறது. ஃபில்டர்கள்தான் வீட்டுக்கு வீடு வேறு.

கிரைண்டர் வந்த முதல் நாள் ஆர்வக்கோளாறில் மைதா மாதிரி அரைத்தேன். வெந்நீர் ஊற்றிவிட்டுக் குளித்து வந்து பார்த்தால் கிணற்றுத் தண்ணீர் மாதிரி அப்படியே நிற்கிறது. தட்டினேன், மூடியைத் திறந்தேன், ஸ்பூனால் லேசாகக் கிளறினேன். அன்று எல்லாருக்கும் டீ. மறுநாள் பயந்துபோய் ரவை பதத்தில் அரைத்தேன். மூன்று நிமிடத்தில் கடகடவென்று இறங்கிவிட்டது. பால் சேர்த்ததும் காப்பியின் நிறமே பார்லி கஞ்சி மாதிரி. பதம் மாற்றும் திருகைத் திருப்பினால் படிக்கு ஒரு கிளிக் கேட்கும். ஒரு கிளிக் என்பது உள்ளே தலைமுடியின் பருமன்கூட நகராத தூரம். ஆனால் அந்த ஒரு கிளிக்கில் டிகாஷன் ஐந்தாறு நிமிடம் முன்னே பின்னே போகிறது. ஒரு வாரம் காலெண்டரின் ஓரத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். எவர்சில்வருக்கு 18-ஆவது கிளிக், பித்தளைக்கு 15. பதினெட்டில் சுமார் இருபது நிமிடம், சொட்டுச் சொட்டாக, கள்ளிச்சொட்டு மாதிரி. கிரைண்டரில் நான் கண்ட லாபம் என்றால் இந்த இரண்டு எண்கள்தான்.

பாட்டி வீட்டிலும் ஒரு கை மிஷின் இருந்தது. பெஞ்சின் ஓரத்தில் திருகி மாட்டியிருக்கும். அந்தக் காலத்து அரவை என்று யாராவது உருகினால் எனக்குச் சிரிப்புதான் வரும். அந்த மிஷினில் பதம் மாற்றும் திருகு எந்தக் காலத்திலோ துருப்பிடித்து உறைந்துபோயிருந்தது. வாழ்நாளெல்லாம் ஒரே பதம். பாட்டி மாற்றியது அரவையை இல்லை, அழுத்தத்தை. ஃபில்டரில் தூளைப் போட்டுவிட்டு, அதன்மேல் வைக்கும் காம்பு வைத்த தட்டான குடையை வைத்துக் கட்டைவிரலால் எவ்வளவு அழுத்துவது என்பதில்தான் அவர் வித்தை இருந்தது. தூள் கொஞ்சம் பருமன் என்றால் ஓர் அழுத்து கூடுதல். இதைச் செய்யத் தெரிந்தவருக்கு ஆறாயிரம் ரூபாய் மிச்சம். எனக்கு அந்தக் கை வரவில்லை.

இனி தொல்லைகள். நாலு பேருக்குக் காலை டிகாஷனுக்கு எங்கள் வீட்டில் முப்பது கிராம் தூள் வேண்டும். என் கிரைண்டர் ஒரு நேரத்தில் இருபதுதான் பிடிக்கும். இரண்டு தடவை சுற்ற வேண்டும், காலை ஐந்தரைக்கு, தூக்கக் கலக்கத்தில். நன்கு வறுத்த கொட்டை என்றால் நொறுநொறுவென்று போய்விடும். ஒருமுறை ஆசைப்பட்டு இளம் வறுவல் வாங்கினேன். கூழாங்கல்லை அரைப்பது போல இருந்தது, தோள் வலித்தது. தூள் பறந்து டப்பாவின் சுவரெல்லாம் ஒட்டிக்கொள்வது இன்னொரு எரிச்சல். அதற்கு எளிய வழி உண்டு: ஸ்பூன் காம்பைத் தண்ணீரில் நனைத்துக் கொட்டையை ஒருமுறை கிளறிவிட்டு அரைத்தால் ஒட்டுவது பெரிதும் குறைந்துவிடும். நனைப்பது அவ்வளவுதான். இரும்புப் பர்ரைக் குழாயடியில் காட்டிவிடாதீர்கள், துரு வந்துவிடும். பிரஷ் போதும். ஆனால் அந்த பிரஷ்ஷை எடுக்காமல் விட்டால் கொட்டையின் எண்ணெய் உள்ளேயே படிந்து, மாதக்கடைசியில் காறல் வாடை அடிக்கும். நான் விட்டிருக்கிறேன்.

அப்புறம் கல். போன மாதம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடி டக்கென்று நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் மிளகளவு கல், பல்லுக்கு நடுவில். களத்தில் காய்கிற பொருளில் கல் வருவது அதிசயமில்லைதான். நல்ல வேளை, பல் உடையவில்லை. இப்போது அரிசி பொறுக்குவது போலத் தட்டில் பரப்பிப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன். மின்சார கிரைண்டராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கொட்டையாக வாங்குவதில் ஒரு நன்மை, கடைப் பலகையில் எழுதியிருப்பது எனக்குப் புரிய ஆரம்பித்தது. பிளாண்டேஷன் என்றால் பழத்தோலை நீக்கிக் கழுவிக் காயவைத்த அராபிகா என்ற காப்பி வகை. செர்ரி என்றால் பழத்தோடு காயவைத்தது. பீபெரி என்றால் பழத்துக்குள் இரண்டாகப் பிரியாமல் ஒற்றையாக உருண்ட விதை. இத்தனை வருடம் அதெல்லாம் கம்பெனிப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிக்கரி விஷயத்தில் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். கிரைண்டர் வாங்கியவுடன் சிக்கரியை ஒழித்துவிட வேண்டும் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. எங்கள் வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு போடுகிறோம். அது ஒரு வேர். காப்பியைவிட அதிகம் கரையும், அதனால்தான் அந்தக் கெட்டித்தனமும் நிறமும். பிடிக்கிறவர்கள் போடட்டும். நான் எதிர்ப்பது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்க்காமல் வாங்குவதை. காப்பி பாதிக்கு ஒரு சதவீதம் கூட இருந்தாலே, அதாவது 51, காப்பி சிக்கரிக் கலவை என்று விற்கச் சட்டம் விடுகிறது. 49 சதவீதம் சிக்கரிக்குக் காப்பி விலை கொடுத்துவிட்டுக் கிரைண்டரைப் பற்றி யோசிப்பது வீண். கிரைண்டர் இருந்தால் சிக்கரித்தூளைத் தனியாக வாங்கி, அரைத்த பிறகு அளந்து கலக்கலாம். சிக்கரியை மட்டும் கிரைண்டருக்குள் போடாதீர்கள். ஈரத்தை இழுத்துப் பிசுபிசுவென்று அப்பிக்கொள்ளும்.

ஒருவர் இருவர் குடிக்கும் வீடு என்றால் கை கிரைண்டர் தாராளமாக வாங்கலாம். ஆறேழு பேர், நாளுக்கு இரண்டு வேளை டிகாஷன் என்றால் வேண்டவே வேண்டாம்; வாரம் ஒருமுறை நல்ல கடையில் அரைத்து வாங்குங்கள், தூள் இன்னும் கைக்குச் சூடாக இருக்கும்போதே வீட்டுக்கு வந்து டப்பாவில் அடையுங்கள். மின்சாரத்தில் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், கடையில் ஒருமுறை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். காலை ஐந்தரைக்கு அந்தச் சத்தத்தைக் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எழுப்ப உங்களுக்குத் தைரியம் வேண்டும்.

என்ன மாடல் என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள். வீட்டில் எத்தனை பேர் காப்பி குடிக்கிறீர்கள், உங்கள் ஃபில்டரில் டிகாஷன் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது, இந்த இரண்டையும் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், பேசலாம். அம்மா இன்னும் மிக்சியில்தான் அரைக்கிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கிரைண்டரை எடுத்துப்போகிறேன். அவருடைய ஃபில்டருக்கு எத்தனையாவது கிளிக் என்று பார்க்க வேண்டும்.