பெயர் எழுதாத பொட்டலம்

அந்தக் காணொளியை நேற்றிலிருந்து எத்தனை பேர் அனுப்பிவிட்டீர்கள்! "மூலிகையை எலிக்கு ஊற்றிப் பார்ப்பது மரபுக்கே அவமானம்" என்று அதில் ஒருவர் பேசினாராம். கைதட்டியவர்களில் என் சித்தப்பா மகளும் இருக்கிறாள். மூலிகை மருந்தை எலிக்குக் கொடுத்துச் சோதிப்பதுதான் என் வேலை. அதனால்தான் எழுதுகிறேன்.

செடியில் விளைந்தது என்பதாலேயே எதுவும் தீங்கற்றதாகிவிடாது. அரளி விதையும் செடியில்தான் விளைகிறது. உயிரைப் பறிக்கும் ஒடுவந்தழையும் பச்சிலைதான். நம் மாநில மலர் செங்காந்தளின் கிழங்கு ஆளையே கொல்லும். நஞ்சைக் குறைக்கும் சுத்தி செய்யாமல் சித்த மருத்துவர்கள் அதை மருந்தில் சேர்ப்பதில்லை. அவர்கள் பார்த்ததும் நஞ்சின் அளவு, சோதனைக்கூடத்தில் நாங்கள் பார்ப்பதும் அதே அளவு. இதில் எங்கே வந்தது அவமானம்?

"பாட்டி காலத்திலிருந்து குடிக்கிறோமே" என்பீர்கள். பாட்டி குடித்தது தண்ணீரில் கொதித்த கஷாயம். இன்று மாத்திரையில் அடைப்பது பல நேரம் எத்தனாலில் (ஆல்கஹாலில்) ஊறவைத்து, வடித்து, வற்றவைத்த சாறு. ஒரு பிடி இலையின் வீரியம் ஒரு சிட்டிகைக்குள் வந்துவிடுகிறது. பாட்டியின் அனுபவம் இதற்குச் சாட்சி சொல்லாது. மெதுவாகக் கொல்லும் நஞ்சுக்கு எவருடைய அனுபவமும் சாட்சி சொல்லாது.

ஆடுதீண்டாப்பாளை இனச் செடிகளில் இருக்கும் அரிஸ்டலோக்கிக் அமிலம் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குகிறது என்று 1982இலேயே ஆய்வு வெளியானது. பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதான செய்தி 1993இல் வந்தது. வேறொரு மூலிகையின் இடத்தில் அந்த இனச் செடி சேர்ந்திருந்தது. அந்த இனச் செடி ஆபத்து என்று எலி பதினோரு ஆண்டு முன்பே சொல்லிவிட்டது. அங்கே கேட்கத்தான் ஆளில்லை.

என் பெரியம்மா மூட்டுவலிக்கு எட்டு மாதம் ஒரு பொடி சாப்பிட்டார். கால் வீங்கியது; இப்போது வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். பொடிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. அதில் என்ன இருந்தது என்று சொல்லவும் யாராலும் முடியவில்லை. வெள்ளைக் காகிதப் பொட்டலம், அவ்வளவுதான்.

எலியும் உயிர்தானே என்கிறீர்கள். உயிர்தான். விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் நெறிக்குழுவின் அனுமதியில்லாமல் ஒன்றைக்கூடத் தொட முடியாது என்பதைச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். வாலில் மஞ்சள் குறியிட்டு, தினமும் காலையில் எடை பார்த்து, கழுத்துத் தோலைப் பிடித்து மருந்து புகட்டுவது நான். என் விரல் வாசனை பழகிய எலி கூண்டோரம் வந்து நிற்கும். 28 நாள் கழித்து அதன் கல்லீரலை, உறுப்பு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் இடுவதும் நான்தான். எனக்குக் கருணை கற்றுத்தர வேண்டாம்.

"உனக்கு மனமே இல்லையா" என்று கேட்ட சித்தப்பா மகள், போன வாரம் என் அம்மாவின் சர்க்கரைக்கு ஒரு பொடி அனுப்பியிருக்கிறாள். அதே வெள்ளைக் காகிதம். அதிலும் பெயர் எழுதியிருக்கவில்லை.