ஊசி பயாப்சிக்காரர்கள் அந்த ஸ்லைடில் இல்லை
'ஒரே கண்ணாடி ஸ்லைடில் நூற்றுக்கணக்கான நோயாளிகளின் நுரையீரல் கட்டிகளை ஒப்பிட்டுவிடலாம்' என்கிறது டிஷ்யூ மைக்ரோஅரே பற்றிய இந்தக் கட்டுரை. சரி, ஆனால் யாருடைய கட்டிகள்? டிஷ்யூ மைக்ரோஅரேக்கு, அதாவது பலருடைய திசுப் புள்ளிகளை ஒரே ஸ்லைடில் வரிசையாக அடுக்கும் முறைக்கு, கட்டியைப் பதித்துவைத்த மெழுகுப் பாளத்திலிருந்து பெரும்பாலும் 0.6 மில்லிமீட்டர் குறுக்களவில் திசுவைக் குத்தி எடுக்கிறார்கள். அதற்கு அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த பெரிய துண்டுதான் வசதி. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவிய என் அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய் தெரிந்தபோதே நான்காம் கட்டம். ஊசி பயாப்சியில், அதாவது ஊசியால் குத்தித் திசு எடுத்ததில், வந்தது சேமியா நுனி அளவு. புட்டியில் மிதந்ததை நானே பார்த்தேன். நோயை உறுதிசெய்வதற்குள்ளேயே அது தீர்ந்துபோய், எந்த மருந்து பொருந்தும் என்று பார்க்கும் இஜிஎஃப்ஆர் மரபணுச் சோதனைக்கு மறுபடி குத்தினார்கள். மனிதர் அதற்கும் முகம் சுளிக்கவில்லை. இவரைப் போன்றவர்கள் அந்த ஸ்லைடில் ஏறுவதே அபூர்வம். மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் 'ஒரு புள்ளி முழுக் கட்டிக்கும் சாட்சியாகுமா' என்று கேட்டிருக்கிறார், நல்ல கேள்வி. அதனால்தான் ஒரே கட்டியில் இரண்டு மூன்று இடங்களில் குத்துகிறார்கள். நோயெதிர்ப்பிலிருந்து கட்டி தப்ப உதவும் பிடி-எல்1 புரதம் ஓரிடத்தில் அடர்ந்தும் பக்கத்திலேயே இல்லாமலும் இருக்கலாம். அப்புறம், இதில் சாயமேற்றிப் பார்ப்பது பெரும்பாலும் புரதத்தைத்தான். 'மரபணு வெளிப்பாடு' (மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பது) என்று கட்டுரை பொத்தாம்பொதுவாகச் சொன்னதில் அது மறைந்துவிட்டது.