மேடிசன் ஆற்றில் மதியத்துக்கு மேல் தூண்டில் வேண்டாம்

மொன்டானாவின் மேடிசன் ஆற்றில் கோடைக்கால ஃபிளை ஃபிஷிங் (பூச்சி போலச் செய்த தூண்டிலால் மீன் பிடிப்பது) பற்றிய கட்டுரை நன்று. மீன்கள் விரும்பித் தின்னும் சால்மன்ஃபிளை பூச்சி பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம். மூன்று நான்கு வருடம் ஆற்றுக் கற்களுக்கு அடியில் கிடக்கும் பூச்சி அது. ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ கரைக்கு ஊர்ந்து வந்து வில்லோ புதரில் ஏறித் தோலுரிக்கும். கிளையை விலக்கிப் பார்த்தால், முதுகு பிளந்த காலி ஓடுகள் கால்களால் இறுகப் பிடித்தபடி ஒட்டியிருக்கும். முட்டையிடத் தண்ணீருக்கு வரும் பெண் பூச்சிக்காக, ஆழத்தை விட்டு வராத பெரிய பிரவுன் ட்ரவுட் மீன்கூட மேலே வரும். பூச்சி வெளிவருவது ஆறு முழுக்க ஒரே நாளில் நடக்காது, நாளுக்கு நாள் ஓட்டத்துக்கு எதிராக ஆற்றின் மேல்பகுதியை நோக்கி நகரும்.

ஆனால் ஜூலையில் நாள் முழுக்கத் தூண்டில் போடலாம் என்று கட்டுரையில் சொன்னதை ஏற்க முடியவில்லை. தண்ணீர் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலே ட்ரவுட் திணறும். பிடித்துத் திரும்ப ஆற்றில் விட்ட மீன் நீந்திப் போனாலும் அப்புறம் செத்துவிடலாம். தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரியைத் தொட்டால், மாநில மீன்வளத் துறை மதியம் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன் பிடிக்கத் தடை விதிக்கலாம். அப்போது மாலையில் மீன்களை மேலே இழுக்கும் கேடிஸ் பூச்சிகளை நம்பிப் போகவும் முடியாது. விடியற்காலையில் போங்கள், கையில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். தூண்டில் முள்ளை எடுக்கும்போது மீன் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும்.