இந்த வயசுல இதெல்லாம் தேவையா?

நேற்று சாயங்காலம் பழைய பெரட்டுக்களத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுத்த இடத்தில், நின்று ஓர் ஆட்டம் பார்த்தேன். மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பையன்கள் அங்கே வலை கட்டிப் பூப்பந்து ஆடுவார்கள். கூடவே எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனும் ஆடுகிறார். வயது 67. நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். மட்டையைப் பிடித்ததே போன வருடம்தான்.

அவர் பந்து போடும்போது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் அசையவில்லை. மணிக்கட்டில் ஒரு சுண்டு, அவ்வளவுதான். பந்து வலையை உரசாத குறையாகப் போய் விழுந்தது. ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் பட்டையைச் சீவாமல், கத்தி உள்ளே கட்டையில் படாமல், இருட்டில் மரம் வெட்டிப் பழகிய கை அது. எதிரே நின்ற, பள்ளியில் படிவம் நான்கு படிக்கும் பையன், "தாத்தா, இத எனக்குச் சொல்லிக்குடுங்க" என்று ஓடி வந்தான். அப்புறம் அவனே அவருக்குக் கால் எடுத்து வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தான். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒருவர், "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்றார். அண்ணன் திரும்பி, "வெட்டுன பட்டை மறுபடி வளந்தா அதுலயும் பால் எடுக்கிறோம்ல?" என்றார்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பா காலத்தில் 55 வயதில் வேலை நின்றால் வீடும் போச்சு. லயத்து வீடு தோட்ட நிர்வாகத்தோடது. வேலைப் பதிவிலிருந்து அப்பா பெயரை எடுத்த அடுத்த மாதமே, அம்மா வைத்த கறிவேப்பிலை மரத்தை அப்படியே விட்டுவிட்டு லாரியில் சாமான் ஏற்றினோம். டவுனில் வாடகை வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த அப்பா, கடைசி வரைக்கும் அதை விட்டுப் பெரிதாக எழுந்திருக்கவே இல்லை. இப்போது எனக்கு 61. அன்றைய அப்பா என்னைவிட ஆறு வயது சின்னவர்!

2013-இல் தனியார் துறையில் ஓய்வு வயது 60 ஆனது. நம் மனசு மட்டும் இன்னும் அந்த 55-லேயே உட்கார்ந்திருக்கிறது. இது சும்மா பேச்சில்லை. அமெரிக்காவில் ஓஹையோவில், 50 வயது தாண்டிய 660 பேரை இருபது வருடத்துக்கும் மேல் கவனித்த ஆய்வை யேல் பல்கலைக்கழகத்தார் 2002-இல் வெளியிட்டார்கள். முதுமையை நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் ஏழரை வருடம் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள்.

தலைக்கு மை பூசுவதை நான் இளமை என்று சொல்லவில்லை. அண்ணனுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கிறது, முட்டியில் பட்டை கட்டித்தான் ஆடுகிறார், கிளினிக் தவணையைத் தவறவிடுவதில்லை. வயதை அவர் மறைக்கவே இல்லை. பதினாறு வயதுப் பையன் திருத்தினால் கோபம் வராமல் கேட்கிறாரே, அதைத்தான் இளமை என்கிறேன். "நாங்க பார்க்காததா?" என்று நம்மில் எத்தனை பேர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்? நானும் சொல்லியிருக்கிறேன், என் மகனிடமே.

சரி, நாளைக்கு ஆறு மணிக்கு நானும் போகிறேன். மட்டை அண்ணன் தருகிறார். நம்ம ஊர்க்காரர்கள் யார் வந்தாலும் சந்தோஷம். நல்ல சப்பாத்து போட்டு வாங்க, மழை பெய்திருந்தால் தரை வழுக்கும்.