சாரல் மாதத்துச் சளி
ஒரு வயதுக்குள் ஏழெட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம் என்று கைக்குழந்தைகளின் சளி பற்றிய உங்கள் கட்டுரையில் படித்ததும் பாதி பயம் போய்விட்டது. எங்களுக்குத் தென்காசிப் பக்கம். ஆனி, ஆடிச் சாரலில் துணியும் காயாது, மகளுக்கு மூக்கும் காயாது. பால் குடிக்க வாய் வைத்தால் மூச்சு முட்டி அழுவாள். பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு (சலைன்) விட்டால் நன்றாகக் குடிக்கிறாள். உரைமருந்து (கல்லில் உரைத்துக் கொடுக்கும் நாட்டு மருந்து) வேண்டாம் என்றால் ஆச்சிக்குக் கோபம். சரி, அதைச் சமாளித்துவிடலாம். அந்த மருந்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவதைத் தடுப்பதுதான் பெரும்பாடு. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

கட்டுரையில் இதையும் சேர்த்திருக்கலாம்: இரண்டு மாதம் தாண்டிய கைக்குழந்தை அழாமல் இருக்கும்போதே நிமிடத்துக்கு 50 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே போனால், பாலை மறுத்தால், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சை முழு நிமிடமும் எண்ணுங்கள்.