சூட்ஸ் டிக்கெட் வேண்டாம் என்கிறேன்

25ஆவது திருமண நாளுக்குச் சிங்கப்பூரிலிருந்து லண்டன் போகலாம், அதுவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சூட்ஸில், ஆளுக்கொரு தனி அறை கொடுக்கும் உயர் வகுப்பில், போகலாம் என்கிறார் என் கணவர். பறந்தாலும் கார்டில் செலவழித்தாலும் சேரும் மைல்களைக் கொடுத்து டிக்கெட் எடுக்க அந்த நிறுவனம் வைத்திருக்கும் திட்டம் கிரிஸ்ஃபிளையர்; எங்கள் இருவரின் கணக்கிலும் ஆளுக்கு ஒரு டிக்கெட் எடுக்கும் அளவுக்கு மைல்கள் சேர்ந்துவிட்டன. போவதற்கு மட்டும்தான் சரியாக இருக்கும், திரும்பி வருவதற்குக் காசு கொடுக்க வேண்டும். ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு.

ஆசை எனக்கும் இருக்கிறது. ஏ380 விமானத்தின் மேல்தளத்தில் மொத்தமே ஆறு அறைகள். நாற்காலி தனி, கட்டில் தனி. சில அறைகளில் நடுத்தடுப்பை இறக்கிவிட்டால் இரண்டு கட்டிலும் சேர்ந்து ஒன்றாகிவிடும். காலைத் தொங்கப் போட்டே பதின்மூன்று மணி நேரம் பறந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். சூட்ஸ் டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கினால் பல ஆயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதை மைலால் வகுத்தால், எகானமியைவிட ஒரு மைலுக்குக் கிடைக்கும் மதிப்பு எங்கேயோ உயரத்துக்குப் போய்விடும். மைல் சேர்க்கிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அந்த விலைக்கு அந்த டிக்கெட்டை நாங்கள் வாங்குவோமா? ஒருநாளும் மாட்டோம். நாங்கள் கொடுக்கவே போகாத பணத்தை எப்படி மிச்சம் என்று சொல்வது? எனக்குத் தெரிவது இதுதான்: ஒரு சூட்ஸ் டிக்கெட்டுக்குப் போகும் மைலில் அதே லண்டனுக்கு எகானமியில் மூன்று பேர் போகலாம். சென்னைக்கு என்றால் இன்னும் பல பேர்.

சென்னை என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2019இல் ஒரு ராத்திரி ஒரு மணிக்கு அண்ணன் கும்பகோணத்திலிருந்து அழைத்தார். அப்பா போய்விட்டார். "நீ வந்த பிறகுதான் எடுப்போம், பதறாமல் வா" என்றார். அப்பா ஐஸ் பெட்டியில் படுத்திருக்க, நான் இங்கே போனில் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தேன். எதில் பார்த்தாலும் வழக்கத்தைப் போல் மூன்று மடங்கு விலை. நான்கு பேர் போக வேண்டும். அப்போது கைகொடுத்தது மைல்கள்தான். காசு டிக்கெட்டின் விலை கடைசி நேரத்தில் ஏறிக்கொண்டே போகும். மைல் டிக்கெட்டுக்கு, எந்த ஊருக்கு எத்தனை மைல் என்று ஓர் அட்டவணை உண்டு. அந்த அட்டவணைப்படியான இடம் இருந்தால், ஆறு மாதம் முன்னால் எடுத்தாலும் நாளைக்கே பறந்தாலும் அதே மைல்தான். வரியை மட்டும் கட்டினோம். மறுநாள் சாயங்காலம் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

அன்றைக்குப் புரிந்த இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உதவும். கிரெடிட் கார்டில் கிடக்கும் பாயின்ட் வேறு, விமான நிறுவனக் கணக்கில் இருக்கும் மைல் வேறு. மாற்றச் சொன்னால் வந்து சேரப் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். நடுராத்திரியில் பாயின்ட் எதற்கும் உதவாது. ஊருக்குப் போய் வரும் அளவுக்காவது மைலாகவே மாற்றி வைத்திருங்கள்.

சும்மா பூட்டி வைத்தால் மைல் வீணாகும் என்கிறார் என் கணவர். அதில் நியாயம் இருக்கிறது. கிரிஸ்ஃபிளையர் மைல்களுக்கு ஆயுள் 36 மாதம். அட்டவணையில் உள்ள மைல் அளவையும் அவ்வப்போது ஏற்றுகிறார்கள். 2022இல் ஏற்றியபோது எங்கள் கையிருப்பின் மதிப்பு ஒரே நாளில் சுருங்கியது. அதனால் மொத்தத்தையும் காத்துக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. நான்கு பேர் சென்னைக்குப் போய் வரும் அளவைத் தொடக் கூடாது, பழசைக் காலாவதி ஆகும் முன் செலவழித்துப் புதுசை அந்த இடத்தில் வைக்க வேண்டும் என்கிறேன். அம்மாவுக்கு இப்போது 78 வயது. அந்தக் கையிருப்பு இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

லண்டனுக்கு எகானமியிலேயே மைலில் போய் வரலாம், திரும்பும் டிக்கெட்டுக்குக் கொடுக்காமல் மிச்சமாகும் பணத்தில் இன்னும் நான்கு நாள் தங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் யோசிக்கிறார்.

வருகிற ஏப்ரலில் கொஞ்சம் மைல்கள் காலாவதியாகின்றன. அதில் அம்மாவைப் பிசினஸ் கிளாஸில் இங்கே அழைத்து வருகிறோம். சென்னையிலிருந்து வருவது ராத்திரி விமானம், அம்மாவுக்கு முழங்காலை மடக்கி ரொம்ப நேரம் உட்கார முடியாது. போன தடவை வந்து இறங்கியபோது இரண்டு பாதமும் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. இந்த முறை காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வரட்டும் என்று முதலில் சொன்னதே என் கணவர்தான்.